நன்றி யார் யாருக்குச் சொல்ல வேண்டும்?

பிள்ளைகளுக்கு அன்பும் மரியாதையும் சொல்லிக்கொடுக்க ஒரே ஒரு புத்தகம் வாங்கலாம், எதை வாங்கட்டும் என்று யாராவது கேட்டால் நான் யோசிக்கவே மாட்டேன். மகாசுவேதா தேவி எழுதிய 'தி ஒய்-ஒய் கேர்ள்' என்று பட்டென்று சொல்லிவிடுவேன். தமிழிலும் கிடைக்கிறது. கடலூரில் நான் கதை வாசிக்கும் பிள்ளைகள் அதற்கு 'ஏன்-ஏன் பொண்ணு' என்று தாங்களே பேர் வைத்துவிட்டார்கள். "கதை அத்தை, இன்னைக்கும் ஏன்-ஏன் பொண்ணையே எடுங்க" என்று கேட்டுக் கேட்டு என் பிரதியின் அட்டை பிய்ந்து, ஒட்டி, மறுபடியும் பிய்ந்து கிடக்கிறது. மஞ்சக்குப்பத்து மொட்டைமாடியில், தேவனாம்பட்டினம் கடற்கரை மணலில், சிதம்பரம் ஓமக்குளத்துப் பக்கம், பிச்சாவரத்தை ஒட்டிய கிள்ளையில் என்று எங்கெங்கோ இதைப் படித்துக் காட்டியிருக்கிறேன். ஓர் இடத்தில்கூட இது சோடை போனதில்லை.

சென்னை தூலிகா பதிப்பகம் 2003-ல் கொண்டுவந்த படக்கதை இது. படங்கள் கன்யிகா கினி. மகாசுவேதா தேவியை நம்மில் பலர் '1084-இன் அம்மா' நாவல் வழியாகத்தான் அறிந்திருப்போம். 1926-ல் டாக்காவில் பிறந்தவர், 1996-ல் ஞானபீட விருதும் 1997-ல் மகசேசே விருதும் பெற்றவர். விருதுகளைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. மேற்கு வங்காளத்தின் புருலியா மாவட்டத்தில் சபர் பழங்குடி மக்களோடு பல ஆண்டுகள் கிடையாய்க் கிடந்து வேலை செய்தவர் அவர். 1871-ல் வெள்ளைக்காரன் போட்ட குற்றப் பரம்பரைச் சட்டம் சபர்களைப் பிறவித் திருடர்கள் என்று எழுதிவைத்தது. 1952-ல் சட்டம் போனது, பழி போகவில்லை. அந்த மக்கள் நடுவிலிருந்து ஒரு சிறுமியைக் கைப்பிடித்து அழைத்துவந்து நம் பிள்ளைகள் முன்னால் நிறுத்துகிறார் மகாசுவேதா. அவள் பெயர் மொய்னா.

மொய்னாவுக்குப் பத்து வயதிருக்கும். கதை தொடங்கும்போதே பாம்பைத் துரத்திக்கொண்டு ஓடுகிறாள். சாதாரணப் பாம்பு இல்லை, நல்ல பாம்பு! கதை சொல்லும் பாட்டி, அது மகாசுவேதாவேதான், பின்னாலேயே ஓடிப்போய் அவள் சடையைப் பிடித்து நிறுத்துகிறார். பிடிக்கக் கூடாது என்றால், ஏன் கூடாது என்று கேட்கிறாள். அவர்கள் வீட்டில் பாம்புக் கறி சமைப்பார்கள், தோலை விற்பார்கள். நிலம் கிடையாது. ஓலைக் குடிசை. அம்மாவுக்குக் கால் சரியில்லை, அப்பா வேலைக்காக ஜம்ஷெட்பூர் போயிருக்கிறார். மொய்னா ஊர்ப் பெரிய வீட்டு ஆடுகளை மேய்க்கிறாள், தண்ணீர் சுமக்கிறாள், விறகு பொறுக்குகிறாள். கை வேலை செய்துகொண்டே இருக்கிறது, வாய் கேட்டுக்கொண்டே இருக்கிறது. தண்ணீருக்கு இவ்வளவு தூரம் ஏன் நடக்க வேண்டும்? இரண்டு வேளைச் சோறு ஏன் கிடைப்பதில்லை? மீன் ஏன் பேசுவதில்லை?

ஒருநாள் தன் மாற்றுத் துணியையும் ஒரு கீரிக் குட்டியையும் தூக்கிக்கொண்டு பாட்டியின் குடிசைக்கே குடிவந்துவிடுகிறாள். கீரிக் குட்டி வரும் பக்கத்தில் என் பிள்ளைகள் போடும் கூச்சலைக் கேட்க வேண்டுமே! ராத்திரி படுக்கும் முன் பாட்டி புத்தகம் படிக்கிறார். அதற்கும் ஒரு ஏன். அவளுடைய கேள்விகளுக்குப் பதிலெல்லாம் புத்தகத்தில் இருக்கிறது என்று தெரிந்ததும் படிக்கக் கிளம்பிவிடுகிறாள். பள்ளிக்கூடம் நடப்பது காலையில், ஆடு மேய்ப்பதும் காலையில். அப்படியென்றால் பள்ளிக்கூட நேரத்தை மாற்றுங்கள் என்று டீச்சர் முன்னால் போய் நிற்கிறாள். தனக்காக மட்டுமா? ஆடு மாடு மேய்க்கிற எல்லாப் பிள்ளைகளுக்காகவும் கேட்கிறாள். அந்த ஊர்த் தொடக்கப் பள்ளியில் சேர்ந்த முதல் பெண் பிள்ளை அவள்தான். பதினெட்டு வயதில் அவளே பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தருகிறாள், கேள்வி கேளுங்கள் என்று அவர்களை விரட்டுகிறாள்.

இவ்வளவுதான் கதை. அரை மணிக்குள் வாசித்துவிடலாம். ஆனால் நடுவில் ஒரு பக்கம் இருக்கிறது. அந்த ஒரு பக்கத்துக்காகவே இந்தப் புத்தகத்தைத் தலையில் வைத்துக் கொண்டாடலாம். பெரிய வீட்டுக்காரர் அரிசி கொடுத்தனுப்பியிருக்கிறார், அவருக்கு நன்றி சொல்ல மறந்துவிடாதே என்கிறாள் அம்மா. மொய்னா சிலிர்த்துக்கொள்கிறாள். அவர் வீட்டுத் தொழுவத்தைக் கூட்டுவது யார், அத்தனை எடுபிடி வேலைகளையும் செய்வது யார், அதற்கெல்லாம் அவர் தனக்கு நன்றி சொன்னாரா என்று திருப்பிக் கேட்டுவிட்டு ஓடிவிடுகிறாள்.

நான் அந்த இடத்தில் புத்தகத்தை மூடி மடியில் வைத்துவிடுவேன். ஒரு வார்த்தை பேச மாட்டேன். பிள்ளைகளே பேசட்டும் என்று விட்டுவிடுவேன். எந்த ஊராக இருந்தாலும் முதலில் ஒரு அமைதி. பிறகு யாராவது ஒரு பிள்ளை, "ஆமால்ல?" என்று ஆரம்பிக்கும். அந்த "ஆமால்ல"வைக் கேட்கும் சுகத்துக்காக நான் எத்தனை தூரம் வேண்டுமானாலும் பஸ் ஏறிப் போவேன்.

மஞ்சக்குப்பத்தில் அந்த "ஆமால்ல" எங்கே போய் நின்றது தெரியுமா? நாம் நன்றி சொல்லாத ஆட்கள் யார் யார் என்று பிள்ளைகள் ஒரு பட்டியலே போட்டுவிட்டார்கள். சத்துணவு சமைக்கும் ஆயா. பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போகும் ஆட்டோ அண்ணன். வீட்டுவேலைக்கு வரும் அக்கா. குப்பை எடுக்க வரும் அம்மா. "அவங்க பேரு என்னடா?" என்று ஒரு சிறுமி கேட்டாள். யாருக்கும் தெரியவில்லை. தினமும் காலையில் வாசலுக்கு வருகிறவரின் பேர் தெரியாதது பிள்ளைகளுக்கே ஒரு மாதிரியாகிவிட்டது. மறுநாள் காலை மாநகராட்சி வண்டி வரும் நேரத்துக்கு அந்தத் தெருப் பிள்ளைகள் வாசலில் காத்து நின்று பேர் கேட்டிருக்கிறார்கள். அதில் ஒரு பையன், அதுவரை குப்பையை ஒரே பையில் அள்ளிக் கட்டிக்கொடுத்த வீட்டுப் பிள்ளை, இப்போது மக்கும் குப்பை தனி, மக்காத குப்பை தனி என்று தானே பிரித்துவைக்கிறான். "நான் பிரிக்கலன்னா அவங்க கையால பிரிக்கணும்ல அத்தை?" என்றான் என்னிடம். சுவரொட்டியும் அறிவிப்பும் செய்யாத வேலையை மொய்னா செய்துவிட்டாள்.

இன்னொரு வீட்டில் நடந்ததை நினைத்தால் இன்னும் மெய் சிலிர்க்கிறது. வேலைக்கு வரும் அக்காவுக்குக் காபி கொடுக்கத் தனி டம்ளர், அதுவும் கொல்லைப்புறத்து ஜன்னல் விளிம்பில் கவிழ்த்து வைத்திருக்கும். அந்த வீட்டுப் பெண், மூன்றாம் வகுப்பு படிப்பவள், கதை கேட்டுவிட்டுப் போய், அவங்களுக்கு மட்டும் ஏன் தனி டம்ளர் என்று கேட்டிருக்கிறாள். அவள் அம்மாதான் பிறகு என்னைப் பார்த்தபோது சொன்னார்: "அவ கேட்டதுக்கு எங்கிட்ட பதிலே இல்லக்கா. அந்த டம்ளரத் தூக்கி எல்லாத்தோடயும் சேத்து வெச்சுட்டேன்." ஒரு வீட்டில் ஒரு டம்ளர் இடம் மாறியது. ஒரு புத்தகம் இதைவிடப் பெரிதாக என்ன செய்துவிட முடியும், சொல்லுங்கள்!

மொய்னாவை முதல்முறை சந்திக்கும் டவுன் பிள்ளைகள் எல்லோருமே ஒரு வார்த்தை சொல்வார்கள்: "பாவம்." நல்ல மனசுதான். ஆனால் கதை முடிவதற்குள் அந்தப் 'பாவம்' தானாக உதிர்ந்துவிடுகிறது. மிச்சச் சோற்றைத் தின்ன மாட்டேன், கீரையும் நண்டும் போட்டு நானே சமைத்துக் குடும்பத்தோடு சாப்பிடுவேன் என்று முணுமுணுத்துக்கொண்டு வீடு திரும்பும் பெண்ணைப் பார்த்து யாரால் உச்சுக்கொட்ட முடியும்? இரக்கம் மேலேயிருந்து கீழே பார்க்கிறது. மரியாதை நேருக்கு நேர் பார்க்கிறது. பிள்ளைகளின் பார்வையை மேலேயிருந்து நேருக்கு இறக்கிக் கொண்டுவருவதுதான் இந்தக் கதையின் பெரும் சாதனை என்பேன்.

இதை நான் கண்கூடாகப் பார்த்தது கிள்ளையில். சிதம்பரத்திலிருந்து பிச்சாவரம் போகிறவர்கள் படகு ஏறி, சுரபுன்னைக் காட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். அந்தக் காட்டை ஒட்டி இருளர் குடும்பங்கள் வாழ்கின்றன. கழிமுகத் தண்ணீரில் இறங்கி, சேற்றைக் கையாலேயே துழாவி நண்டும் இறாலும் பிடிப்பவர்கள். பனையோலையில் முடைந்த பறியைப் பல்லால் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் தடவித் தடவிப் பிடிக்கும் பெண்களை அங்கே பார்க்கலாம். கடலூர்ப் பிள்ளைகள் சிலரை அழைத்துக்கொண்டு போய், அந்த ஊர்ப் பிள்ளைகளோடு சேர்த்து உட்காரவைத்து மொய்னாவை வாசித்தேன்.

பாம்பு வந்த பக்கத்தில் கடலூர்ப் பிள்ளைகள் முகத்தைச் சுளித்தார்கள். கிள்ளைப் பிள்ளைகள் கலகலவென்று சிரித்தார்கள். நண்டு வந்ததும் அவ்வளவுதான். கதை என் கையைவிட்டுப் போய்விட்டது! நண்டு எந்த வளையில் இருக்கும், விரலை எப்படிக் கொடுக்கக் கூடாது, கொடுக்கை எப்படி மடக்கிப் பிடிக்க வேண்டும் என்று ஒரு சிறுமி எழுந்து நின்று செய்துகாட்டினாள். வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்கும் என் கடலூர்ப் பையன் வாய் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தான். "உனக்கு யாரு கத்துக் குடுத்தா?" என்று கேட்டான். "எங்க ஆயா" என்றாள் பெருமையாக. திரும்பும் வழியில் ஒரு பிள்ளை வாயிலிருந்தும் 'பாவம்' வரவில்லை. அடுத்த முறை எப்போது போகலாம், நண்டு பிடிக்கச் சொல்லித்தருவாளா என்றுதான் பேச்சு.

1990-ல் ரூடின் சிம்ஸ் பிஷப் என்ற அமெரிக்கப் பேராசிரியர், பிள்ளைகளுக்கான புத்தகம் கண்ணாடியாகவும் இருக்க வேண்டும், ஜன்னலாகவும் இருக்க வேண்டும் என்று எழுதினார். கண்ணாடியில் தன் முகம் தெரியும், ஜன்னல் வழியே அடுத்தவர் வீடு தெரியும். கிள்ளையில் அன்று மொய்னா ஒரே நேரத்தில் இரண்டாகவும் இருந்தாள். தங்கள் வீட்டுச் சாப்பாடும் தங்கள் வீட்டுத் தொழிலும் அச்சேறியிருப்பதைப் பார்த்த பிள்ளைகளின் முகத்தை நான் என்றைக்கும் மறக்க மாட்டேன். பாம்பு பிடிப்பது பற்றிப் பேச்சு வந்தால் இன்னொரு செய்தியையும் பிள்ளைகளுக்குச் சொல்லுவேன். 1978-ல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துக்கொடுக்கும் நஞ்சிலிருந்து பாம்புக்கடிக்கான மருந்து தயாராகிறது. மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற இரண்டு இருளர் பாம்பு பிடிப்பவர்களுக்கு 2023-ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. மலைப்பாம்புகளைப் பிடிக்க அமெரிக்காவின் ஃபுளோரிடா வரை போய்வந்தவர்கள் அவர்கள். இதைக் கேட்டுவிட்டு மறுபடி முதல் பக்கத்தைத் திருப்பினால், பாம்பைத் துரத்தும் மொய்னா பிள்ளைகள் கண்ணில் ஒரு விஞ்ஞானி மாதிரி நிற்கிறாள்.

வங்காளத்துக் கதை நம் ஊரில் எப்படி இவ்வளவு ஒட்டுகிறது என்று சிலர் கேட்பார்கள். நம் மண்ணைப் பாருங்கள், பதில் கிடைக்கும். 1823-ல் சிதம்பரத்துக்குப் பக்கத்து மருதூரில் பிறந்த வள்ளலார், 1867-ல் வடலூரில் தருமசாலை தொடங்கினார். அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை. வருகிறவர் யார், எந்த ஊர், என்ன சாதி என்று கேட்காமல் அங்கே சோறு போடுகிறார்கள். சிதம்பரத்திலோ, கோயிலுக்குள் போகவிடாமல் தடுக்கப்பட்ட நந்தன் கதையைக் கேட்காமல் ஒரு பிள்ளையும் வளர முடியாது. அந்த நந்தன் பெயரிலேயே 1916-ல் பள்ளிக்கூடம் தொடங்கினார் சுவாமி சகஜானந்தர், படிப்பு மறுக்கப்பட்ட பிள்ளைகளுக்காக. 'ஜெய் பீம்' படத்துக்கு அடிப்படையான காவல் நிலையக் கொடுமை 1993-ல் நடந்ததும் இதே கடலூர் மாவட்டத்தில்தான். கருணைக்கு அணையாத அடுப்பு மூட்டிய மாவட்டம், மரியாதை மறுக்கப்பட்டதற்கும் சாட்சியாக இருக்கிறது. இங்கே வளரும் பிள்ளைகளுக்கு மொய்னா அந்நியம் இல்லை. ஓமக்குளத்துப் பக்கம் படித்தபோது, பள்ளி நேரத்தை மாற்றச் சொல்லி மொய்னா சண்டை போடும் இடத்தில் ஒரு சிறுவன், "எங்களுக்கு இல்லம் தேடிக் கல்வி சாயங்காலம்தான் நடந்துச்சு. மொய்னா கேட்டதாலயா?" என்றான். அவனை அப்படியே தூக்கிக் கொஞ்சினேன்.

இந்தப் புத்தகத்தில் பெரியவர்களுக்கும் ஒரு பாடம் இருக்கிறது. அதைக் கவனிக்கத் தவறிவிடாதீர்கள். மொய்னாவை வாயாடி என்று ஊரே சொல்கிறது. பாட்டி மட்டும் ஒருமுறைகூட அப்படிச் சொல்வதில்லை. இத்தனை பெரிய எழுத்தாளர், ஆடு மேய்க்கும் ஒரு சிறுமி கேட்கும் கேள்விக்கெல்லாம் சமமாக உட்கார்ந்து பதில் சொல்கிறார். அவள் விருப்பப்படி வந்து தங்கவும் விடுகிறார். பிள்ளைக்கு மரியாதை கொடுத்தால் பிள்ளை மரியாதை கற்றுக்கொள்ளும் என்பதை இதைவிட அழகாக எந்தப் பெற்றோர் கூட்டத்திலும் நான் கேட்டதில்லை. கேள்வி கேட்கப் பழகினால் பிள்ளை அடங்காமல் போய்விடுமோ என்று பல அம்மா அப்பாக்கள் என்னிடம் கவலைப்பட்டிருக்கிறார்கள். நான் பார்த்தது நேர்மாறு. 'எனக்கு ஏன் வாங்கித் தரல' என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்த பிள்ளைகள், 'அவங்களுக்கு ஏன் கிடைக்கல' என்று கேட்கத் தொடங்குகிறார்கள். அன்பு அங்கேதான் முளைக்கிறது.

வாசிக்கிறவர்களுக்கு என் அனுபவத்திலிருந்து சில யோசனைகள். ஆறு வயதிலிருந்து பத்து வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு இது பாந்தமாக இருக்கும். வட்டமாக உட்காரவைத்து, படம் எல்லோருக்கும் தெரியும்படி புத்தகத்தைத் திருப்பிப் பிடித்து வாசியுங்கள். முதலில் படத்தை மட்டும் காட்டி, என்ன நடக்கிறது என்று அவர்களையே சொல்லவிடுங்கள். மொய்னா 'ஏன்' என்று கேட்கும் ஒவ்வோர் இடத்திலும் பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து ஒரே குரலில் 'ஏன்?' என்று கத்தட்டும். கூச்சப்படும் பிள்ளையின் குரலும் அந்தக் கூட்டத்தில் வெளியே வந்துவிடும். நன்றிப் பக்கத்தில் கட்டாயம் நிறுத்துங்கள். அவசரப்படுத்தாதீர்கள். கதை முடிந்ததும் இதன் நீதி என்ன என்று மட்டும் தயவுசெய்து கேட்காதீர்கள். கேட்டால் பிள்ளைகள் நமக்குப் பிடித்த விடையைச் சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவார்கள். அதற்குப் பதில், இன்றைக்கு உனக்குள் இருக்கும் ஒரு 'ஏன்' என்ன என்று கேட்டு எழுதவையுங்கள். எழுதியதில் ஒன்றுக்காவது அன்றே உண்மையான பதில் சொல்லுங்கள். தெரியாவிட்டால் சேர்ந்து தேடுங்கள்.

ஒரே மூச்சில் ஒருமுறை வாசித்துவிட்டு அலமாரியில் வைத்துவிடவும் வேண்டாம். திரும்பத் திரும்பப் படிக்கப் படிக்கத்தான் இது ஊறும். முதல் வாசிப்பில் பாம்பும் கீரியும்தான் பிள்ளைகள் மனசில் நிற்கும். அடுத்தடுத்த வாசிப்புகளில் கால் சரியில்லாத அம்மா கண்ணில் படுவாள். பிறகு, வேலை தேடிப்போன அப்பா எப்போது வருவார் என்று ஒரு பிள்ளை கேட்கும். சிங்கப்பூரிலோ துபாயிலோ அப்பா வேலை பார்க்கும் வீட்டுப் பிள்ளையாக அது இருக்கும். பக்கத்துப் பிள்ளை நகர்ந்து வந்து ஒட்டி உட்கார்ந்துகொள்ளும். இதற்கெல்லாம் நான் ஒரு வார்த்தை சொல்லிக்கொடுத்ததில்லை. எல்லாம் புத்தகம் செய்த வேலை.

மகாசுவேதா தேவி 2016-ல் காலமானார். மொய்னா நம் பிள்ளைகள் நடுவில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறாள். பிறந்தநாளுக்குப் பொம்மை வாங்கும் கையோடு இந்தப் புத்தகத்தையும் ஒன்று வாங்குங்கள். பள்ளி ஆண்டு விழாவில் பரிசாக டிபன் பாக்ஸ் கொடுக்கும் தலைமை ஆசிரியர்களே, ஒரு வருடம் இதைக் கொடுத்துப் பாருங்கள். ஊர் நூலகத்தில் இல்லையென்றால் வாங்கிவைக்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள். உங்கள் வீட்டுப் பிள்ளையோடு உட்கார்ந்து இன்று ராத்திரியே வாசியுங்கள். நாளை காலை உங்கள் வாசலுக்கு வருகிறவரின் பேரைக் கேட்டு, முதல் நன்றியை நீங்களே சொல்லுங்கள். பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கும்.